பிள்ளைக்கு மனச்சிதைவு என்று சொல்லிவிட்டார்கள்: எங்கே காட்டுவது, எங்கே வைத்துப் பார்ப்பது?

காதில் யாரோ பேசுவதாகச் சொல்கிறான். எதிர்வீட்டுக்காரர்கள் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று நம்புகிறான். இரவெல்லாம் விழித்திருக்கிறான், கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டான். வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து எப்படியோ டாக்டரிடம் கூட்டிப் போனால் அவர் 'சைக்கோசிஸ்' என்கிறார், சில மாதம் கழித்து 'ஸ்கிசோஃப்ரீனியா', அதாவது மனச்சிதைவு, என்கிறார். வீட்டுக்குத் திரும்பும்போதே வழிகள் வந்து குவியத் தொடங்கிவிடும். பெரியம்மா குணசீலம் போகச் சொல்வார். அலுவலக நண்பர் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை என்பார். 'ஆறு மாசம் ஒரு ஹோம்ல விட்டா சரியாகி வந்துடுவான்' என்று ஒருவர். 'ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா எல்லாம் தெளிஞ்சுடும்' என்று இன்னொருவர்.

கல்யாணத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். அது சிகிச்சை அல்ல. நோயை மறைத்துச் செய்யும் கல்யாணம் இன்னொரு வீட்டுப் பிள்ளையையும் சேர்த்து உடைக்கும். மற்ற வழிகள் ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு நியாயம் இருக்கிறது, அதனால்தான் முடிவெடுப்பது கஷ்டமாக இருக்கிறது. என் தம்பிக்கு இது வந்தபோது அப்பா அம்மா படும் பாட்டை அக்காவாகப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதன்பிறகு, குடும்பத்தார் கூடும் கூட்டங்களில் வேறு பல பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். இந்த வழிகளை எந்த அளவுகோலால் ஒப்பிடுவது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை என்பதுதான் என்னை எழுத வைக்கிறது.

நான் இரண்டு கேள்விகள் கேட்கச் சொல்வேன். இந்த ஏற்பாட்டை நம்மால் இரண்டு மூன்று வருடம் விடாமல் நடத்த முடியுமா? பிள்ளை இதற்கு மனம் ஒப்பி வருவானா?

ஏன் இரண்டு மூன்று வருடம்? மாத்திரைகள் முழுதாக வேலை காட்டவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். குரல்கள் அடங்கி, தூக்கம் திரும்பிய பிறகும், முதல் தடவை நோய் வந்தவர்களுக்கே குறைந்தது ஓரிரு வருடம் மருந்து தொடர வேண்டும் என்பதுதான் பொதுவான வழக்கம். சிலருக்கு அதற்கும் மேல். முதல் தடவை நோய் வந்தவர்களை ஐந்து வருடம் பின்தொடர்ந்து 1999-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடியிருந்தது. ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? மூன்றாம் மாதம் பையன் சிரித்துப் பேச ஆரம்பித்ததும், 'இனிமே எதுக்கு அந்த மாத்திரை, கிட்னி கெட்டுடும்' என்று நிறுத்துகிறோம். நடத்த முடியாத பெரிய ஏற்பாட்டைவிட, நடத்த முடிந்த சாதாரண ஏற்பாடு எத்தனையோ மேல்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெற்றோர் வழியைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலும் நோயைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. வெட்கம் அவர்களைத் தெரிந்தவர் யாரும் பார்த்துவிடாத தூரத்து ஊர் டாக்டரிடம் அனுப்புகிறது. குற்ற உணர்வு இருப்பதிலேயே செலவான இடத்துக்கு அனுப்புகிறது. 'நான் வேலைக்குப் போனதாலதான்', 'அவன அடிச்சு வளர்த்ததாலதான்' என்று அம்மாக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் மருத்துவ உலகமே இப்படிப் பேசியது. 1948-ல் அமெரிக்காவில் இருந்த ஓர் உளப்பகுப்பாய்வாளர், மனச்சிதைவுக்குத் தாயின் வளர்ப்பே காரணம் என்று எழுதினார். பல வருடம் தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். அதற்கு ஆதாரம் இல்லை என்று அந்தக் கருத்து எப்போதோ கைவிடப்பட்டுவிட்டது. மரபணு, மூளை வளர்ச்சி, பிறப்பின்போது நேரும் சிக்கல்கள், இளவயதில் அதிகம் கஞ்சா பிடிப்பது என்று பல விஷயங்கள் சேர்ந்து வருவது இது. உங்களால் வந்ததல்ல.

இனி ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

கோயில், தர்கா

நம் ஊரில் பல குடும்பங்கள் முதலில் போகும் இடம் இதுதான், அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. திருச்சி பக்கம் குணசீலம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் மனநலம் குன்றியவர்களை 48 நாள் தங்க வைத்து வழிபடும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவுக்கு எல்லா மதத்தாரும் வருகிறார்கள். அங்கே வந்து உட்காரும் ஓர் அம்மாவிடம் யாரும் 'என்ன தப்பு பண்ணீங்க' என்று கேட்பதில்லை. அதே கஷ்டத்தோடு சுற்றிலும் நூறு பேர் இருக்கிறார்கள்.

அதனால் பலனே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. தென்னிந்தியக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரை மனநல மருத்துவர்கள் வந்தபோதும் போகும்போதும் பரிசோதித்தார்கள். கோயிலில் மருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை, சராசரியாக ஆறு வாரத் தங்கல். நோய்க்குறிகளின் மதிப்பெண் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. அடி, மிரட்டல், சங்கிலி எதுவும் இல்லாத இடம் அது. வீட்டிலிருந்து ஒருவர் வந்து கூடவே இருந்தார், கோயிலில் சின்னச் சின்ன வேலைகளும் செய்தார்கள். அந்த ஆதரவான சூழல்தான் காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதினார்கள். மருந்து எடுக்கும் பிள்ளைக்கும் நம் வீட்டில் இதே சூழல் வேண்டும் என்பதுதான் நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது.

ஆனால் இதே வழியின் மறுபக்கமும் நம் மாநிலத்தில்தான் நடந்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்துபோனார்கள். அவர்களையும் யாரோ ஓர் அப்பா, ஓர் அண்ணன், மாதாமாதம் பணம் கட்டி, 'அங்க நல்லா பாத்துக்குவாங்க' என்று நம்பித்தான் விட்டு வந்திருப்பார்கள். அதற்குப்பின் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், எந்த விதத்திலும் நோயாளியைச் சங்கிலியால் கட்டக்கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. இன்று ஏர்வாடியில் தர்கா வளாகத்தை ஒட்டியே அரசு மனநல மருத்துவர்கள் பார்க்கிறார்கள். துஆ என்னும் பிரார்த்தனையும் நடக்கிறது, மாத்திரையும் கிடைக்கிறது.

ஆக, நம்பிக்கை இருந்தால் போங்கள். மாத்திரையை நிறுத்தாமல் போங்கள், பிள்ளையோடு நீங்களும் தங்குங்கள். கட்டிப்போடுவது, அடிப்பது, புகை போடுவது, பட்டினி போடுவது என்று ஆரம்பித்தால் அந்த நிமிடமே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். மருந்துக்கு முன்பாக இதை மட்டும் வைத்து மாதங்களைக் கழிப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். சிகிச்சை தொடங்கத் தாமதமாகிற ஒவ்வொரு மாதமும் மீள்வதைக் கடினமாக்குகிறது.

தனியார் கிளினிக்கா, அரசு மருத்துவமனையா

தனியார் டாக்டரிடம் கூட்டம் குறைவு, ஒரே டாக்டர் தொடர்ந்து பார்ப்பார், இரவில் போன் செய்தால் எடுப்பவரும் உண்டு. பிள்ளை 'வர மாட்டேன்' என்று அடம்பிடிக்கிற முதல் சில வாரங்களில் இது பெரிய உதவி. செலவு என்பது டாக்டர் ஃபீஸ் மட்டும் அல்ல. மாத்திரை, ரத்தப் பரிசோதனை, கூட வருபவரின் ஒருநாள் சம்பளம் எல்லாம் சேரும். முதல் வருடம் தாங்கிய குடும்பம் மூன்றாவது வருடம் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அரசுப் பக்கம் உள்ளதைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர்கள் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கு வருகிறார்கள். ரிஸ்பெரிடோன், ஒலான்சபைன் போன்ற மாத்திரைகள் இலவசம். அடிப்படையில் தனியார் டாக்டர் எழுதுவதும் இதே மருந்துகளைத்தான். ஓபி வரிசையில் காத்திருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் வேறு வேறு டாக்டர் பார்க்கலாம், பேசக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். அதைச் சமாளிக்க ஒரு நோட்டு போடுங்கள். தூக்கம், சாப்பாடு, குரல் கேட்கிறதா, எந்த மாத்திரை எவ்வளவு, கை நடுக்கம் உண்டா, எடை எவ்வளவு ஏறியது, எல்லாம் தேதியோடு. ஐந்து நிமிடம் கிடைத்தாலும் அந்த நோட்டு டாக்டருக்குப் பாதி வேலையை முடித்துக்கொடுக்கும்.

சென்னையில் கீழ்ப்பாக்கம் மருத்துவமனை என்றாலே முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்திலேயே அந்தப் பெயரை வசவாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1794-ல் தொடங்கிய நிறுவனம் அது. அங்கே புறநோயாளியாக வந்து சீட்டு வாங்கி, மாத்திரை வாங்கி, பஸ் பிடித்து வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. அந்த வசவுக்குப் பயந்து, போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் இருப்பதுதான் நிஜமான நஷ்டம். சென்னையில் 1984-ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பும் இருக்கிறது. மருந்தோடு வேலைப் பயிற்சி, குடும்பத்தாருக்கு விளக்கம் என்று மற்ற இடங்களில் அரிதாகக் கிடைப்பவை அங்கே கிடைக்கும். 1980-களின் தொடக்கத்தில் முதல் தடவை நோய் வந்த 90 பேரைச் சென்னை மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். பத்தாண்டு முடிவில் பெரும்பகுதியினர் அறிகுறிகள் அடங்கிய நிலையில் இருந்தார்கள். 'இனி அவ்வளவுதான்' என்று நினைக்கும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது இந்தச் செய்தியைத்தான்.

என் யோசனை இது: நோய் என்ன என்று உறுதி செய்துகொள்ள ஒருமுறை பெரிய இடத்துக்குப் போங்கள், நிம்ஹான்ஸ் ஆனாலும் சரி, வேலூர் சி.எம்.சி. ஆனாலும் சரி. மாதாந்திர மருத்துவத்துக்கு வீட்டிலிருந்து ஒரு பஸ்ஸில் போய் வரக்கூடிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு டாக்டர் பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம், தப்பில்லை. ஆனால் 'இந்த நோயே இல்லை' என்று யாராவது சொல்வாரா என்பதற்காக ஒவ்வொருவராக மாற்றிக்கொண்டே போனால் பிள்ளை ஒவ்வொரு தடவையும் புதிய மாத்திரையின் முதல் வாரத்திலேயே நின்றுவிடுகிறான்.

வீட்டிலா, வார்டிலா

சாப்பிடுகிறான், மாத்திரை போடுகிறான், தன்னையோ மற்றவரையோ காயப்படுத்திக்கொள்ளும் பேச்சு இல்லை என்றால் வீடுதான் நல்லது. தண்ணீர்கூடக் குடிக்காமல் சந்தேகப்படுகிறான், சாவதைப் பற்றிப் பேசுகிறான், குரல்கள் எதையோ செய்யச் சொல்லி ஏவுகின்றன என்றால் காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவமனை. என்ன செய்வதென்று புரியாத நள்ளிரவில் 14416 என்ற இலவச எண்ணை அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

அட்மிஷன் என்றதும் பெற்றோர் பயப்படுவது 'உள்ளே தள்ளிவிட்டோமே' என்ற எண்ணத்துக்கு. இன்றைய சட்டம் அப்படித் தள்ளிவிட இடம் தருவதில்லை. பிள்ளை தானே சம்மதித்துச் சேரலாம். முடிவெடுக்க முடியாத அளவுக்கு நோய் முற்றியிருந்தால் அவர் சார்பாளர் (அவருக்காக முடிவெடுக்க உதவச் சட்டப்படி உள்ளவர்) விண்ணப்பித்து, மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதித்த பிறகு, முதலில் 30 நாள் வரை மட்டுமே வைத்திருக்க முடியும். 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோரோ அவர்கள் நியமிக்கும் ஒருவரோ கூடவே தங்க வேண்டும். 'ஷாக்' என்று பயமுறுத்தப்படும் மின் அதிர்வு சிகிச்சையும் மயக்க மருந்து, தசை தளர்த்தும் மருந்து இல்லாமல் கொடுக்கக்கூடாது. சாப்பிடாமல், அசையாமல் உறைந்துபோய்க் கிடப்பவர்களுக்கும் தற்கொலை எண்ணம் கடுமையாக உள்ளவர்களுக்கும் அது உயிர் காப்பது, கேட்டவுடன் மறுக்காதீர்கள்.

வார்டுகளிலும் இரண்டு வகை உண்டு. குடும்பத்தை வெளியே நிறுத்திவிட்டுப் பிள்ளையை மட்டும் உள்ளே வைப்பது ஒன்று. குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்குவது இன்னொன்று. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் இரண்டாவது முறையைத்தான் நெடுங்காலமாகப் பின்பற்றுகிறது. வீட்டிலிருந்து ஒருவர் சில வாரம் வேலையை விட்டு வர முடியும் என்றால் தயங்காமல் இதைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளை குணமாவதற்காக மட்டும் சொல்லவில்லை. மாத்திரை எப்படிக் கொடுப்பது, கோபம் வரும்போது எப்படி விலகி நிற்பது, நோய் திரும்புவதன் முதல் அறிகுறி என்ன என்று அம்மாவோ அப்பாவோ அங்கே கற்றுக்கொள்கிறார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது தயாராகி வருவது பிள்ளை மட்டும் அல்ல.

ஏனென்றால் வீடு நிஜமாகவே நோயின் போக்கை மாற்றுகிறது. நோயை உண்டாக்குவதில்லை, ஆனால் திரும்பி வருவதில் அதற்குப் பங்கு உண்டு. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளரின் குழுவினர் கண்டறிந்தது இது: ஓயாத குறை, பகைமை, அளவுமீறிய தலையீடு உள்ள வீடுகளுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் அதிகம் திரும்பியது. பின்னர் சண்டிகரில் பார்த்தபோது இந்தியக் குடும்பங்களில் இந்தக் குறை சொல்லல் லண்டனைவிடக் குறைவாக இருந்தது. நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் பலம் அது. 'குளிச்சியா, மாத்திரை போட்டியா, எந்நேரமும் படுத்தே கிட' என்று நாள் முழுக்கச் சொல்லாமல் இருப்பதும் சிகிச்சையின் பகுதி. அவன் படுத்தே கிடப்பது சோம்பலால் அல்ல. ஆர்வம் வற்றிப்போவதும் இந்த நோயின் அறிகுறிதான்.

மாத்திரையைச் சொல்லிவிட்டுக் கொடுப்பதா, சோற்றில் கலப்பதா

எந்தக் கட்டுரையிலும் வராது, ஆனால் கூட்டங்களில் அம்மாக்கள் தணிந்த குரலில் கேட்பது இதைத்தான். பிள்ளை மாத்திரையைத் துப்புகிறான், சாம்பாரில் பொடித்துப் போடட்டுமா? அந்த நிலைக்கு வந்த தாயை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உண்மை நிலவரம் இதுதான்: ஏற்கெனவே 'எனக்கு விஷம் வைக்கிறார்கள்' என்று நம்புகிற பிள்ளை ஒருநாள் அதைக் கண்டுபிடித்தால், அவன் பயம் நிஜமாகிவிடுகிறது. அப்புறம் அம்மா கையால் சாப்பிடவே மாட்டான். டாக்டருக்கும் எத்தனை மில்லிகிராம் உள்ளே போகிறது என்பது தெரியாமல் போகும். ஏற்கெனவே கலந்து கொடுத்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மாற்று இருக்கிறது. இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசிகள் உண்டு. தினமும் மாத்திரைக்குச் சண்டை போடுவதைவிட மாதம் ஒரு ஊசிக்குச் சம்மதிக்கிறவர்கள் நிறைய. ஏன் மறுக்கிறான் என்று கேட்டாலே பாதி வழி தெரியும். கை நடுங்குகிறது, நாக்கு தடிக்கிறது, உடம்பு பெருக்கிறது, பகலெல்லாம் தூக்கம் என்பான். இவை பிடிவாதம் இல்லை, பக்க விளைவுகள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். இரண்டு மருந்துகள் உரிய அளவில், உரிய காலம் கொடுத்தும் பலன் இல்லை என்றால் குளோசாபின் என்ற மருந்து இருக்கிறது. தொடக்கத்தில் வாராவாரம் ரத்தம் பரிசோதிக்க வேண்டும் என்பதால் பல குடும்பங்கள் தயங்குகின்றன. மற்றவை கைவிட்ட இடத்தில் கைகொடுக்கும் மருந்து அது, டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.

இல்லத்தில் விடுவது

நீண்டகால இல்லங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வயதான பெற்றோர் இருவரும் முடியாமல் போனால் அது ஒரு வழி, அதில் பாவம் எதுவும் இல்லை. ஆனால் 22 வயதில் முதல் வழியாக அது வேண்டாம். பார்க்கும்போது பூட்டுகளைப் பாருங்கள், மாநில மனநல ஆணையப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், எந்த நேரமும் வந்து பார்க்க விடுகிறார்களா என்று கேளுங்கள். விட மாட்டோம் என்றால் அங்கே வேண்டாம்.

'எங்களுக்குப் பிறகு?'

எல்லா ஒப்பீட்டுக்கும் அடியில் கிடக்கும் கேள்வி இது. அதனால்தான் சிலர் இல்லத்தையும் சிலர் கல்யாணத்தையும் தேடுகிறார்கள். அதற்கு இப்போதே செய்யக்கூடிய வேலைகள் உண்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் அடங்கும். பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் பல உதவிகளுக்கு அதுதான் வாசல். அப்பாவோ அம்மாவோ அரசு ஊழியர் என்றால், மனநலக் குறைபாட்டால் சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் பெற வழி இருக்கிறது, நீங்கள் இருக்கும்போதே பெயரைச் சேர்க்கும் வேலையைத் தொடங்குங்கள். தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் காப்பாளர் ஏற்பாடு ஆட்டிசம், மூளைவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு உரியது, மனச்சிதைவு அதில் இல்லை. வீடு, பணம் எல்லாவற்றையும் பிள்ளை பெயரில் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாமல் பிள்ளைக்காகச் சொத்தை வேறொருவர் நிர்வகிக்க வைக்கும் அறக்கட்டளைப் (டிரஸ்ட்) பத்திரம் பற்றி ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

அப்புறம், கூடப் பிறந்தவர்களிடம் பேசுங்கள். 'நீதான் அவனைப் பார்த்துக்கணும்' என்று தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்க வேண்டாம். என்னால் மாதம் ஒருமுறை டாக்டரிடம் கூட்டிப் போக முடியும், பணம் இவ்வளவு அனுப்ப முடியும், ஆனால் என் வீட்டில் நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியாது என்று அவர்கள் சொன்னால் கோபப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்று சொன்ன பகுதிக்கு வேறு ஏற்பாடு தேட உங்களுக்கு இன்னும் வருடங்கள் இருக்கின்றன. அந்தப் பேச்சில் பிள்ளையும் உட்கார்ந்திருக்கட்டும். யாரோடு இருக்க விருப்பம், எந்த டாக்டரைப் பிடிக்கும், மறுபடி உடம்பு முடியாமல் போனால் எங்கே சேர்க்க வேண்டும், எங்கே சேர்க்கக்கூடாது என்று தெளிவாக இருக்கும் நாட்களில் அவனே எழுதிப் பதிவு செய்துவைக்கச் சட்டம் இடம் தருகிறது.